ஆறும் இழு, ஏழும் இழு

ஒன்பது இருபதுக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால்
இரண்டரை வரை பேருந்து என்னுடையது.
க்வில்டியில் கடலைப் பார்த்து நிறுத்துகிறேன்.
ஹேண்ட்பிரேக்கை இரண்டு முறை சோதிக்கிறேன்.
இருக்கைக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுக்கிறேன்.
உள்ளே பிஸ்கட் இல்லை.

என்னிஸ் ஏலத்தில், ரொட்டி வெட்டும் இயந்திரத்தோடு
சேர்த்துத் தலையில் கட்டிவிட்ட கான்செர்டினா.
நான் கேட்டது ரொட்டி இயந்திரத்தைத்தான்.
ஆறு பக்கம், முப்பது பொத்தான்,
நடுவில் தேய்ந்த செருப்பின் நிறத்தில் துருத்தி.
ஒரே பொத்தான்தான்,
தள்ளினால் ஒரு சுரம், இழுத்தால் வேறொன்று,
வாசலில் ஒரு பேச்சும் சமையலறையில் ஒரு பேச்சுமாக
என் மைத்துனர் டெக்லன் போல.

சுரங்களின் பெயர் எனக்குத் தெரியாது.
டீசல் ரசீதின் பின்புறம் எண் போட்டுக்கொண்டேன்.
ஒன்று தள்ளு, இரண்டு இழு,
மூன்று தள்ளு, நான்கு இழு,
ஐந்து தள்ளு, ஆறு இழு.
இதுவரை மழைநாளில் வைப்பரோடு சேர்ந்து போகலாம்.
பிறகு
ஏழும் இழு.

கை மாற வேண்டும், இடதிலிருந்து வலதுக்கு.
காற்று மாறக் கூடாது.
வைப்பருக்கு இந்தத் தொல்லை கிடையாது,
ஒரே பக்கம் இரண்டு முறை போகச் சொல்லி
அதை யாரும் கேட்டதில்லை.

நான் தள்ளிவிடுகிறேன்.
தள்ளினால் அதே பொத்தானில் எட்டு வந்துவிடுகிறது.
ஏழு இன்னும் பேருந்தில் ஏறவில்லை,
அதற்குள் அதன் பெயருக்கு எட்டு
"உள்ளேன்" என்கிறது.
மறுபடி ஒன்றிலிருந்து.
நான்கு மாதமாக மறுபடி ஒன்றிலிருந்து.
மதில்மேல் நிற்கும் நீர்க்காகம்
இப்போதெல்லாம் ஆறிலேயே பறந்துவிடுகிறது.

யாரிடமாவது கேட்கலாமே என்பீர்கள்.
இது கிளேர் கவுண்டி.
இங்கே பால்பல் விழும் வயதில் ரீல் வாசிக்கிறார்கள்.
வியாழக்கிழமைகளில் என் பேருந்தில்
பதினொரு கான்செர்டினாப் பெட்டிகள் பயணம் செய்கின்றன,
ஒவ்வொன்றையும் நான்தான் வாங்கி உள்ளே வைக்கிறேன்,
"பார்த்து, பார்த்து" என்றபடி,
அதற்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாதவள் மாதிரி.
ஐம்பத்தெட்டு வயதில்
யாரிடம் போய் ஏழைக் கேட்பது?

குறை பெட்டியில்தான் என்று வைத்திருந்தேன்.
ரீடில் துரு, துருத்தியில் கசிவு,
ஏலக்காரன் கண்ணில் கள்ளம்.
ஆடத் தெரியாதவளுக்கு
இருக்கவே இருக்கிறது கூடம்.

அந்த வியாழன் மாலை கடைசி இருக்கையில்
ஒரு பெட்டி மிஞ்சியது.
சோர்ச்சா டால்டி, நான்காம் வகுப்பு.
ஏதும் உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன்.
(உடையவில்லை. திறந்தவுடனே தெரிந்தது.)
கைப்பட்டை எனக்கு இறுக்கம்,
இரண்டு ஓட்டை தளர்த்தினேன்.

ஒன்று தள்ளினேன்.
ஐயோ, அந்த ஒன்று!
வெண்ணெயில் கத்தி.
இரண்டு, மூன்று, யாரோ எனக்காகக் கதவு திறந்துவிட்டுக்கொண்டே
முன்னால் நடப்பது போல,
நான்கு, ஐந்து, ஆறு,
பிறகு எட்டு.
என் டின்னில் ஒருநாளும் கேட்டிராத அழகோடு
தப்பான இடத்தில்
எட்டு.

இன்னொரு முறை செய்து பார்த்தேன்.
கூடம் நேராகத்தான் இருந்தது.

வெள்ளிக் காலை சோர்ச்சாவின் நிறுத்தத்தில்
அவள் ஏறும்போதே பெட்டியை நீட்டினேன்.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.
கண்ணாடியில் பார்த்தேன்:
திறந்தாள், கையை நுழைத்தாள்,
கை தொளதொளத்தது.
நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.
நான் சாலையைப் பார்த்தேன். சாலையில் ஒன்றுமில்லை.

பள்ளி வாசலில் எல்லோருக்கும் கடைசியாக இறங்கினாள்.
படியில் நின்று,
என் முகத்தைப் பார்க்காமல்,
"என் பட்டை மூணாவது ஓட்டை" என்றாள்.
"சரி" என்றேன்.

கதவு பொத்தானை அழுத்தினேன்.
அது எப்போதும் போல நீளமாகக் காற்றை விட்டது.